ஜெஜெஜெ! ஜப்பானியர் வாய்பிளக்கும்போது

2013 டிசம்பரில், அந்த ஆண்டு ஜப்பானியர் வாயில் அதிகம் புழங்கிய சொற்களுக்கான பரிசை அறிவித்தார்கள். 1984 முதல் ஆண்டுதோறும் தரப்படும் பரிசு அது. முதலிடம் பெரும்பாலும் ஒன்றிரண்டு சொற்களோடு நின்றுவிடும். அந்த முறை நான்கு சொற்கள் அதைப் பகிர்ந்துகொண்டன. ஒலிம்பிக் போட்டியை டோக்கியோவுக்குக் கேட்டு நிகழ்த்திய உரையில் எழுத்தெழுத்தாகப் பிரித்து உச்சரிக்கப்பட்ட 'ஓ-மோ-தே-நா-ஷி', அதாவது விருந்தோம்பல், அவற்றில் ஒன்று. பயிற்சி வகுப்பு ஆசிரியர் ஒருவர் விளம்பரத்தில் சொன்ன 'இப்போதுதானே!' இன்னொன்று. வங்கி ஊழியரைப் பற்றிய நாடகத்தில் வந்த 'இரட்டிப்பாகத் திருப்பித் தருவேன்' மூன்றாவது. நான்காவது, 'ஜெஜெஜெ'. முதல் மூன்றுக்கும் அகராதிப் பொருள் உண்டு. நான்காவது, வாயைப் பிளக்கும்போது வருகிற ஒலி மட்டும்தான்.

அந்த ஒலியை நாடெங்கும் கொண்டுபோனது 'அமச்சான்' என்ற தொலைக்காட்சித் தொடர். பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. காலை நேரத்தில் நாள்தோறும் கால் மணி நேரம் காட்டும் தொடர்களில் ஒன்று. 2013 ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் 156 பகுதிகளோடு முடிந்தது. எழுதியவர் குதோ கன்குரோ. டோக்கியோவில் சுரத்தில்லாமல் வளர்ந்த பள்ளி மாணவி ஒருத்தி, வடகிழக்கே இவாதே மாநிலக் கடற்கரையில் இருக்கும் பாட்டியின் ஊருக்கு வருகிறாள். பாட்டி ஓர் 'அமா'. மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய், முள்ளுக் கூட்டுக்குள் வாழும் 'உனி'யை அள்ளி வரும் பெண்களுக்கு அந்தப் பெயர். கதையில் ஊருக்குக் கற்பனைப் பெயர்தான். படம் பிடித்த இடமோ குஜி நகரும் அதைச் சேர்ந்த கோசோதே மீனவக் குப்பமும். ஜப்பானின் வட எல்லை அமாக்கள் என்று பெயர் பெற்றவர்கள் கோசோதே பெண்கள். அவர்களுக்கு வியப்பு வந்தால் 'ஜெ' என்பார்கள். வியப்பு கூடினால் 'ஜெஜெ'. தாங்க முடியாத அளவுக்குப் போனால் 'ஜெஜெஜெ'. எத்தனை ஜெ என்று எண்ணியே வியப்பை அளந்துவிடலாம்.

2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை அடித்து நொறுக்கிய கரை அது. தொடர் ஒளிபரப்பானபோது இரண்டே ஆண்டுகள் கடந்திருந்தன. கதையும் அந்த நாளைத் தாண்டிக் குதிக்காமல், இறுதிக் கட்டத்தில் நேராகவே எதிர்கொண்டது. செய்திகளில் இடிபாடுகளாக மட்டும் காட்டப்பட்ட ஒரு கரையின் வட்டாரப் பேச்சு, குழந்தைகளிலிருந்து அலுவலக ஊழியர்கள் வரை எல்லோர் வாயிலும் மகிழ்ச்சியின் ஒலியாகக் குடியேறியது. 'ஜெ'வின் வெற்றிக்கு நகைச்சுவை மட்டும் காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான்.

அதே இவாதேயில் உள்நாட்டு நகரமான மொரியோகாவுக்குப் போனால் 'ஜெ' மாறி 'ஜ', 'ஜஜஜ' என்றாகிவிடும். அந்தப் பெயரிலேயே உள்ளூர்த் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று உண்டு. இன்னும் வடக்கே ஆவோமோரியின் ட்சுகாரு வட்டாரத்தில் 'வைஹா!' என்பார்கள். தெற்குக் கோடியில் ஒகினாவாவில் 'அகிசமியோ!'. நம் 'ஐயையோ' போலவே அது வியப்புக்கும் வரும், அச்சத்துக்கும் வரும், துயரத்துக்கும் வரும்.

ஒகினாவாவின் பள்ளிகளில் இந்த ஒலிகளுக்கு ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. பொது ஜப்பானிய மொழியைத் திணிப்பதற்காக, தாய்மொழியில் பேசிய மாணவரின் கழுத்தில் 'வட்டாரமொழிப் பலகை' ஒன்றை மாட்டிவிடும் வழக்கம் மேஜி பேரரசர் காலத்தின் பிற்பகுதியில் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் சில இடங்களில் நீடித்தது. பலகை கழுத்திலிருந்து இறங்க வேண்டுமானால், தாய்மொழியில் பேசும் இன்னொரு மாணவர் அகப்பட வேண்டும். அதனால் பலகை தொங்கும் பையன் பக்கத்தில் இருப்பவனைத் திடீரென்று குத்துவானாம் அல்லது காலை மிதிப்பானாம். வலியில் அவன் 'அகா!' என்று ஒகினாவா மொழியில் அலறிவிடுவான். பலகை கைமாறிவிடும். கற்றுக்கொண்ட சொற்களை வாய்க்குள் அடக்கிவிட முடிகிறது. சட்டென்று வரும் ஒலியை அடக்க முடிவதில்லை. ஒரு மனிதரின் உண்மையான மொழி எது என்று அறிய இதைவிடக் கொடிய சோதனை இருக்க முடியாது.

ஜப்பானியர் என்றால் அமைதி, தலைவணங்கல், உணர்ச்சியை முகத்தில் காட்டாத பண்பு என்ற படம்தான் வெளியில் இருக்கிறது. டோக்கியோ ரயிலில் ஏறியவர்களுக்கு அது உண்மையாகவே தோன்றும். ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் மேசைக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். அ! எ! ஹேஎ! உவா! என்று வியப்பு கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த ஒலிகளை ஒதுக்கிவிட்டு ஜப்பானியம் கற்பது, உப்பில்லாமல் சமைப்பதற்குச் சமம்.

பள்ளி இலக்கணத்திலும் இவற்றுக்குக் கௌரவமான இடம் உண்டு. ஜப்பானிய இலக்கணம் சொற்களை 10 வகையாகப் பிரிக்கிறது; அதில் 'கந்தோஷி' ஒரு தனி வகை. மனம் அசைவதைக் காட்டும் சொல் என்பது அந்தப் பெயரின் பொருள். நம் இலக்கணம் வியப்புச் சொற்களை இடைச்சொல்லுக்குள் அடக்கிவிடும். ஜப்பானியர் தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வாக்கியத்தின் மற்ற சொற்களோடு ஒட்டாமல் தனித்து நின்றே முழுப் பொருள் தருவது கந்தோஷியின் இயல்பு. 'ஆம்', 'இல்லை' என்ற விடைகளும் வணக்கம் சொல்லும் சொற்களும்கூட இந்த வீட்டில்தான் குடியிருக்கின்றன.

அடிப்படை ஒலிகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் அவற்றின் நுட்பம் புரியும். 'அ!' என்பது கண்ணிலோ மனதிலோ ஏதோ ஒன்று சட்டென்று பட்டதன் அடையாளம். குடையை ரயிலில் விட்டுவிட்டு இறங்கியது நினைவுக்கு வந்தால் 'அ!'. எதிரே பழைய நண்பர் நடந்து வந்தால் 'அ!'. 'எ!' அப்படியல்ல. எதிர்பார்ப்போடு பொருந்தாத ஒன்று காதில் விழும்போது வருவது அது. உடன் வேலை செய்பவர் 'அடுத்த மாதம் வேலையை விடுகிறேன்' என்று சொன்னால் 'எ!'. குடையை மறந்தவர் 'எ!' என்றாலோ, வேலையை விடும் செய்தியைக் கேட்டவர் 'அ!' என்றாலோ ஜப்பானியர் காதுக்கு உறுத்தும். இரண்டாவது ஆள், ஏற்கெனவே தெரிந்த ஒன்று இப்போதுதான் நினைவுக்கு வந்ததாகக் காட்டிக்கொள்வதுபோல் ஆகிவிடும்.

'எ' நீண்டு 'ஏஎ!' என்றாகும்போது வியப்போடு மறுப்பும் சேர்ந்துவிடும். இன்று பள்ளிக்கு விடுமுறை இல்லை என்று அம்மா சொன்னதும் பிள்ளைகள் இழுக்கும் இழுப்பு அது. 'ஓ!' இதமான வியப்பு. தேநீர்க் கோப்பையில் இலைக்காம்பு செங்குத்தாக நின்றால் நல்ல சகுனம் என்பது அங்குள்ள நம்பிக்கை. அதைப் பார்த்தவர் வாயில் தானாக 'ஓ!' வரும். 'வாஆ!' அழகான காட்சியின் முன் வருவது. அதையே வெட்டிச் சொன்னால் யாரோ முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற திடுக்கிடல். 'உவா!' இன்னும் பெரியது, அருவருப்புக்கும் மலைப்புக்கும் பொது. 'கெ!' என்றால் சிக்கல் வந்துவிட்டது, நாளைக்குத் தேர்வு என்பதை இப்போதுதான் பார்த்திருக்கிறார். 'க்யாஅ!' இளம்பெண்களின் கீச்சுக் குரல், பல்லியைக் கண்டாலும் வரும், பிடித்த பாடகர் மேடை ஏறினாலும் வரும்.

'அரெ?' தனியாகப் பேச வேண்டிய ஒன்று. வைத்த இடத்தில் சாவி இல்லை, பூட்டிய கதவு திறந்திருக்கிறது, கணக்கு உதைக்கிறது, இப்படிப்பட்ட இடங்களில் ஜப்பானியர் 'அரெ?' என்பார்கள். அந்தச் சொல்லின் பிறப்பு 'அது' என்னும் சுட்டுப்பெயர். 'இது' என்று பொருள்படும் 'கொரெ', குறும்பு செய்யும் பிள்ளையை அதட்டும் ஒலி ஆனது. கேட்பவர் அருகில் உள்ளதைச் சுட்டும் 'சொரெ' உற்சாகத்தோடு தூக்கும்போதும் எறியும்போதும் கத்துவது. 'எது' என்று பொருள்படும் 'தொரெ', 'எங்கே, பார்ப்போம்' என்று எழுந்திருக்கும்போது சொல்வது. நம் 'இதோ', 'அதோ'வும் சுட்டிலிருந்து பிறந்த வியப்பொலிகள்தாமே! இன்றும் 'உது', 'உவன்' என்று பேசும் யாழ்ப்பாணத்தவருக்கு, அண்மைக்கும் சேய்மைக்கும் நடுவே ஒரு சுட்டை வைத்திருக்கும் இந்த ஜப்பானிய வரிசை மிக எளிதாகப் பிடிபடும்.

இத்தனை சிறிய ஒலிகளை எப்படி எழுதுவது? ஜப்பானிய எழுத்தில் அதற்கு இரண்டு அருமையான கருவிகள் இருக்கின்றன. ஒன்று, நீட்டலைக் காட்டும் கோடு. எத்தனை கோடு போட்டாலும் அத்தனை நீளம் இழுக்கலாம். செய்யுளில் நெடிலுக்குப் பின் குறிலை எழுதி அளபெடையைக் காட்டும் நம் வழக்கத்தைப் போலவே, உயிரெழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து எழுதும் முறையும் அங்கே உண்டு. மற்றொன்று, சிறியதாக எழுதப்படும் 'ட்சு' எழுத்து. சொல்லின் நடுவே அது வந்தால் அடுத்த மெய் இரட்டிக்கும். சொல்லின் இறுதியில் வந்தால், தொண்டையைச் சட்டென்று மூடி ஒலியை வெட்டு என்று பொருள். ஜப்பானியப் படக்கதைகளான மங்காவில் பாத்திரங்களின் வாயருகே இந்தச் சின்ன ட்சு பக்கத்துக்குப் பக்கம் கிடக்கும்.

நாம் ஆச்சரியக்குறி என்று சொல்வது மேஜி காலத்தில் மேற்கிலிருந்து ஜப்பானுக்குள் வந்தது. இலக்கணப் பெயர் 'கந்தன்பு'. குழந்தைகளும் பெரியவர்களும் சொல்வது 'பிக்குரி மார்க்கு', அதாவது திடுக்கிடும் குறி. அரசு ஆவணங்கள் நெடுங்காலம் அதைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. 2022 ஜனவரியில் வெளியான புதிய வழிகாட்டுதல்தான், மக்களுக்கான விளக்கங்களிலும் ஒருவர் பேச்சை அப்படியே பதியும் இடங்களிலும் தேவைப்பட்டால் பயன்படுத்தலாம் என்று சொன்னது.

ஜப்பானில் எழுதப்பட்டு இன்று நம் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய வரலாற்று நூல் 'கோஜிகி'. ஓ-நோ-யசுமாரோ 712-இல் தொகுத்தது. அதில் உலகைப் படைக்க இறங்கிவரும் இசானகி, இசானமி என்ற தெய்வ இணை, ஒரு தூணை எதிரெதிர்த் திசையில் சுற்றி வந்து சந்திக்கிறார்கள். முதலில் வாய் திறப்பவள் பெண். 'அனா' என்ற வியப்பொலியோடு தொடங்கி, எவ்வளவு நல்ல ஆண்மகன் என்று சொல்கிறாள். ஆணும் அதே 'அனா'வோடு அவள் அழகை வியக்கிறான். முதற்குழந்தை சரியாகப் பிறக்கவில்லை. பெண் முந்திப் பேசியதுதான் குற்றம் என்று விண்ணுலகத் தெய்வங்கள் சொல்ல, சடங்கை மறுபடி செய்கிறார்கள். இம்முறை ஆண் முதலில் வியக்கிறான். அந்தப் பழங்கதையின் நீதியை யாரும் இன்று ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆணும் பெண்ணும் பரிமாறிக்கொள்ளும் மணப்பேச்சு, வணக்கத்தோடோ உறுதிமொழியோடோ தொடங்காமல் வியப்பொலியோடு தொடங்குகிறது என்பது கவனிக்கத் தக்கது. யார் முதலில் வியப்பது என்பதே அங்கே முறைமை.

'அனா' என்ற ஒலி தனியே நிற்பது குறைவு. பெரும்பாலும் பண்புச்சொல்லின் வேர்ப்பகுதி பின்னால் வரும். இம்பே-நோ-ஹிரோநாரி 807-இல் எழுதிய 'கோகோஷூய்' நூலில், குகைக்குள் ஒளிந்த கதிரவத் தெய்வம் வெளியே வந்து உலகம் வெளிச்சமானதும் தெய்வங்கள் எழுப்பும் ஆரவாரம் இப்படித்தான் அமைந்திருக்கிறது. 'அனா' பிற்காலத்தில் வழக்கொழிந்துவிட்டது. வேரை மட்டும் கத்தும் பழக்கம் ஒழியவில்லை. 'அட்சுய்' என்றால் சூடாக இருக்கிறது. கொதிக்கும் சூப்பை வாயில் வைத்தவர் முழுச் சொல்லையும் சொல்ல மாட்டார், 'அட்சு!' என்று வெட்டிவிடுவார். வலித்தால் 'இதா!'. குளிரில் கதவைத் திறந்தால் 'சாமு!'. விலைச்சீட்டைப் பார்த்தால் மலிவுக்கு 'யாசு!', அநியாய விலைக்கு 'தகா!'. சொன்ன வேலையை நண்பர் நொடியில் முடித்துவிட்டால் 'ஹயா!'.

கடைசியில் உதிரும் அந்த 'இ'யை வைத்தே இதற்கு 'இ-ஓச்சி', அதாவது 'இ உதிர்தல்' என்று பெயர். மொழியியலாளர் கொன்னோ ஹிரோஅகி 2012-இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில், இந்த ஒலிகள் யாருக்கும் சொல்வதற்காகப் பிறப்பவை அல்ல, பேசுபவரின் உள்ளிருந்து தானாக வெளிப்படுபவை என்று விளக்கினார். பண்பாட்டு விவகார முகமையும் 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நீங்கள் 'சாமு!' என்பீர்களா என்று மக்களிடம் கேட்டது. ஓர் அரசுத் துறை குடிமக்களிடம் அமர்ந்து இதைக் கேட்கிறது என்பதே, அந்த நாடு தன் மொழியின் மீது வைத்திருக்கும் அக்கறைக்குச் சான்று.

வியப்பொலியை இலக்கியக் கொள்கையாகவே உயர்த்தியவர் ஒருவர் இருக்கிறார். இசே வட்டாரத்தின் மட்சுசாகா ஊரில் மருத்துவம் பார்த்துப் பிழைத்த மோதோஓரி நோரிநாகா (1730–1801). பகலில் நோயாளிகள், இரவில் பழைய நூல்கள் என்று வாழ்ந்தவர். ஜப்பானிய இலக்கியத்தின் உயிர் எது என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை 'மோனோ-நோ-அவாரே'. பொருள்கள் மனதைத் தொடும்போது எழும் நெகிழ்ச்சி என்று அதை விளக்கலாம். அந்த 'அவாரே' எங்கிருந்து வந்தது? 'ஆஅ', 'ஹாரே' என்று மனிதர்கள் பெருமூச்சோடு எழுப்பிய இரண்டு ஒலிகளின் சேர்க்கை என்றார் நோரிநாகா. பூவைப் பார்த்து ஆஅ, நிலவைப் பார்த்து ஆஅ, பிரிவில் ஆஅ. அதுவே கவிதையின் வேர் என்பது அவர் வாதம். சொல்பிறப்பு பற்றிய அவருடைய கணிப்பை ஏற்பதும் மறுப்பதும் அறிஞர்கள் பாடு. அறமும் நீதியும் போதிப்பதற்கே இலக்கியம் என்று நம்பிய காலத்தில், அதன் அடித்தளத்தில் ஒரு வியப்பொலியை வைத்துக் காட்டிய துணிச்சல் பெரிது. பிற்காலத்தில் 'அவாரே' சோகத்தின் பக்கம் சாய்ந்தது. அதன் அழுத்தமான வடிவமான 'அப்பாரே!' வீரனைப் பாராட்டும் 'சபாஷ்!' ஆகிவிட்டது.

இனி 'ஹேஎ'. ஜப்பானியப் பேச்சில் இதைவிட உழைக்கும் ஒலி வேறில்லை. 'அப்படியா, எனக்குத் தெரியாதே!' என்பதை ஒரே மூச்சில் சொல்கிறது. ஏறி முடிந்தால் உண்மையான வியப்பு. இறங்கி முடிந்தால் புரிந்துகொண்ட நிறைவு. தட்டையாக நீண்டால் அக்கறை குறைவு என்று எதிரிலிருப்பவர் கண்டுகொள்வார். பேசுபவர் பேசப் பேச, கேட்பவர் இடையிடையே ஒலி கொடுத்துக்கொண்டே இருக்கும் இந்த வழக்கத்துக்கு 'ஐஸுச்சி' என்று பெயர். அது கொல்லர் பட்டறைச் சொல். பழுக்கக் காய்ந்த இரும்பை ஆசான் ஒரு அடி அடிக்க, எதிரே நிற்கும் உதவியாளர் அடுத்த அடி அடிக்கும் மாற்றுச் சம்மட்டிதான் ஐஸுச்சி. ஒருவர் நிறுத்தினாலும் வாள் உருவாகாது. கேட்பவரும் பேச்சைச் செய்கிறார் என்ற புரிதல் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. ஜப்பானியரின் வியப்பை வெறும் நடிப்பு என்று சில வெளிநாட்டார் சொல்வது இதைப் புரிந்துகொள்ளாததால்தான். எதிரில் இருப்பவர் சொன்னது வீணாகவில்லை என்று காட்டும் மரியாதை அது. ஜப்பானியரிடமிருந்து உலகம் கற்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

இந்த ஒலியை வைத்தே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நாட்டைக் கட்டிப்போட்டது. ஃபுஜி தொலைக்காட்சியில் 2002 முதல் 2006 வரை ஓடிய 'டிரிவியா-நோ-இசுமி', அதாவது 'துணுக்குச் செய்திகளின் ஊற்று'. வாழ்க்கைக்கு எந்தப் பயனும் தராத, ஆனால் கேட்டால் வியக்கவைக்கும் உண்மைகளை ஒவ்வொன்றாக மேடையேற்றுவார்கள். நடுவர்கள் 5 பேர். அவர்கள் முன் ஒரு பொத்தான். அழுத்தினால் 'ஹேஎ' என்று ஒலிக்கும். ஒருவர் 20 முறை வரை அழுத்தலாம். ஆக முழு மதிப்பெண் 100 ஹேஎ. அந்தப் பொத்தானை விளையாட்டுப் பொருளாக பண்டாய் நிறுவனம் விற்றது. 2003-இல் 'ஹேஎ' ஆண்டின் பத்துச் சொற்களில் ஒன்றாகவும் தேர்வானது. இன்றைய பல்சுவை நிகழ்ச்சிகளிலும் திரையின் மூலையில் ஒரு சிறு சாளரம் திறந்து, காட்சியைப் பார்த்து வாய்பிளக்கும் பிரபலத்தின் முகத்தைக் காட்டுவார்கள். 'எ!' என்ற எழுத்து வண்ண வண்ணமாகத் திரையில் துள்ளும்.

பொருளுள்ள சொற்களே வியப்பொலியாகத் தேய்ந்த கதைகளும் உண்டு. 'உசோ' என்றால் பொய். ஆனால் வியப்பில் 'உசோ!' என்பவர் எதிரிலிருப்பவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. 'நம்பவே முடியவில்லை' என்கிறார். 1980களின் தொடக்கத்தில் இளம்பெண்கள் 'உசோஒ', 'ஹோந்தோஒ' (உண்மையாகவா), 'கவாயீஇ' (என்ன அழகு) என்ற மூன்று சொற்களிலேயே முழு உரையாடலையும் நடத்திவிடுகிறார்கள் என்று பெரியவர்கள் வருந்தி, அவர்களுக்கு 'முச்சொல் கூட்டம்' என்று பெயர் வைத்தார்கள். 'மஜி?' இன்றைய இளைஞர்களின் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். எடோ காலத்திலேயே நாடகக்காரர்களும் கலைஞர்களும் பேசிய குழூஉக்குறி அது. 'சுகோய்!' இன்று 'பிரமாதம்'. பழைய இலக்கியத்தில் உடல் சில்லிடவைக்கும் வெறுமையையும் அச்சத்தையும் குறித்தது.

'யபாய்' இவற்றில் எல்லாம் துணிச்சலாகப் பயணம் செய்த சொல். திருடர்கள் 'ஆபத்து' என்பதற்குப் பயன்படுத்திய கொச்சை. இப்போது சுவையான நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு இளைஞர்கள் 'யபாய்!' என்று உருகுகிறார்கள். பண்பாட்டு விவகார முகமை 2014-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 'மிக நன்று' என்ற பொருளில் 'யபாய்' சொல்வீர்களா என்று கேட்டது. ஆம் என்றவர்கள் மொத்தத்தில் சுமார் 27 விழுக்காடு. 16 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல். தாத்தாவுக்கு ஆபத்தாக ஒலிப்பது பேரனுக்கு ஆனந்தமாக ஒலிக்கிறது.

ஜப்பானியர் கண்டுபிடிப்பின் மகிழ்ச்சியை இறந்தகாலத்தில் சொல்வார்கள். தேடிய பேனா கிடைத்ததும் 'அத்தா!', அதாவது 'இருந்தது!'. வென்றவர் துள்ளிக் குதித்து 'யத்தா!', 'செய்தேன்!'. தெருக்கோடியில் பேருந்து தலைகாட்டியதுமே 'கிதா!', 'வந்தது!'. ஆங்கில வழியில் ஜப்பானியம் கற்பவர்கள் இதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். தமிழர்களுக்கு விளக்கமே தேவையில்லை. நம் பேருந்து நிறுத்தங்களிலும் வண்டி தொலைவில் வரும்போதே 'பஸ் வந்துடுச்சு!' என்றுதானே கூவுகிறோம்.

யார் எதைச் சொல்லலாம் என்பதிலும் வழக்கு உண்டு. 'அரா!', 'மாஅ!' இரண்டும் பெண்களின் வியப்பாகக் கருதப்படுபவை. 'ஹோஒ' வயதான ஆண்களுடையது. ஆனால் இன்றைய டோக்கியோ இளம்பெண் 'அரா!' என்று சொல்வது அரிது. அதை வளமாகக் கேட்க வேண்டுமானால் மங்காவையும் அசைபடங்களையும்தான் நாட வேண்டும். பேசும் விதத்தை வைத்தே பாத்திரத்தை அடையாளம் காட்டும் இப்படிப்பட்ட மொழிக்கு 'பாத்திர மொழி' என்று 2000-இல் பெயர் சூட்டினார் மொழியியலாளர் கின்சுய் சதோஷி. திரையில் கேட்பதை அப்படியே தெருவில் பேசும் வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்து ஜப்பானியர் புன்னகைப்பது இதனால்தான்.

கூட்டமாக வியக்கும்போது ஒலிகள் இன்னும் சுவையாகின்றன. கோடையில் டோக்கியோவின் சுமிதா ஆற்றங்கரையில் வாணவேடிக்கை நடக்கும். வானத்தில் பூ விரிந்ததும் கூட்டத்திலிருந்து 'தமாயாஆ!', 'ககியாஆ!' என்று குரல் எழும். இரண்டும் எடோ காலத்து வாணக் கடைகளின் பெயர்கள். ககியா 1659-இல் தொடங்கியது. அதிலிருந்து பிரிந்த தமாயா, கலையில் தாய்க்கடையையே மிஞ்சியது. 1843-இல் தமாயாவில் பற்றிய தீ அக்கம்பக்கத்தையும் எரித்தது. நாட்டை ஆண்ட ஷோகுன் நிக்கோ கோயிலுக்கு வழிபடப் புறப்படவிருந்த நேரம் வேறு. கடைக்காரரை எடோ நகரை விட்டே வெளியேற்றினார்கள். கடை அழிந்து 180 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் ஜப்பானின் வானத்தில் வாணம் வெடித்தால் முதலில் எழுவது அந்தப் பெயர்தான். ஒரு கைவினைஞனுக்கு அரசாங்கம் தந்த தண்டனையை மக்களின் வாய் ஏற்கவில்லை.

கபுகி நாடக அரங்கிலும் இதே மரபு. நடிகர் உச்சக் கட்டத்தில் சிலைபோல் உறைந்து நிற்கும் நொடியில், பின்வரிசையிலிருந்து தேர்ந்த ரசிகர்கள் அவருடைய குடும்பப் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். இச்சிகாவா தன்ஜூரோவுக்கு 'நரிதாயா!'. ஓனோயே கிகுகோரோவுக்கு 'ஓதோவாயா!'. நொடி பிசகினால் காட்சியே கெட்டுவிடும். 'பன்சாய்!' என்ற முழக்கம் இவற்றைப் போல் பழையதல்ல. 1889 பிப்ரவரி 11 அன்று மேஜி அரசியலமைப்பு பிரகடனமான நாளில் பேரரசரின் வண்டியைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தார் எழுப்பியபோதுதான் இன்றைய வடிவம் பெற்றது. நாடாளுமன்றக் கீழவை கலைக்கப்படும்போது, பதவி இழக்கும் உறுப்பினர்களே எழுந்து கைகளை உயர்த்தி இன்றும் பன்சாய் முழங்குகிறார்கள்.

முழக்கம் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதிய ஓனோ சுசுமு (1919–2008). வடக்கு ஜப்பானில் ஜனவரி நடுவில் நடக்கும் சிறு புத்தாண்டுச் சடங்கில் எழும் 'ஹோங்கா, ஹோங்கா' என்ற கூவலை, நம் 'பொங்கலோ பொங்கல்' உடன் ஒப்பிட்டவர் அவர். யாழ்ப்பாணத்து அறிஞர்கள் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த உறவுக் கொள்கையை ஏற்கவில்லை. இரண்டு ஒலிகள் ஒத்திருப்பதால் மட்டும் இரண்டு மொழிகள் உறவாகிவிடாது என்ற அவர்கள் நிலைப்பாடே சரி. ஆனால் இரு நாட்டு உழவர்களின் மகிழ்ச்சிக் கூவலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று ஓர் அறிஞருக்குத் தோன்றியதற்கு நாம் நன்றி சொல்லலாம்.

சென்னையிலும் நடக்கும் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் எழுத்து, சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் எல்லாம் உண்டு. பேச்சுத் தேர்வு மட்டும் இல்லை. அதனால் உயர்ந்த நிலையில் தேறியவர்கள்கூட, ஜப்பானியர் பேசும்போது பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். எதிரிலிருப்பவருக்கோ, இவருக்குப் புரியவில்லையா, பிடிக்கவில்லையா என்ற ஐயம் வந்துவிடும். ஜப்பானியம் கற்கும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: வினைச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்யும் முன் 'அ', 'எ', 'அரெ', 'ஹேஎ' நான்கையும் காதால் கேட்டு, சரியான இடத்தில் சொல்லிப் பழகுங்கள். நண்பர்களிடம் 'உசோ!', 'மஜி?', 'யபாய்!' தாராளமாகச் சொல்லலாம். மேலதிகாரியிடமும் வாடிக்கையாளரிடமும் சொல்லக் கூடாது. அங்கே 'ஸோ தெஸு கா' என்று கேளுங்கள். செய்தி உண்மையிலேயே பெரிதாக இருந்தால், 'பிக்குரி ஷிமாஷிதா', திடுக்கிட்டுப் போனேன், என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.